மாணவராக மொழிபெயர்ப்பாளர் மாநாட்டுக்குப் போவது எப்படி: அமெரிக்காவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மொழிபெயர்ப்பு வகுப்பில் பனுவலைக் கையாளக் கற்றுத்தருகிறார்கள். வேலைக்கு என்ன கூலி கேட்பது, கெடு தவறினால் என்ன ஆகும், ஒப்பந்தத்தில் எந்த வரியைக் கண்டால் கையெழுத்திடாமல் நிறுத்த வேண்டும், வேலை கொடுப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் அரிதாகவே வரும். தொழிலில் இருப்பவர்களிடம்தான் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். ஸ்பானிஷ் மாணவருக்கு அப்படிப்பட்டவர்கள் தன் பல்கலைக்கழகத்திலேயே கிடைத்துவிடலாம். தமிழ் மாணவரோ, தன் மொழியில் இந்தத் தொழிலால் பிழைக்கும் ஒருவரைக்கூடச் சந்திக்காமல் இரண்டாண்டுப் படிப்பை முடித்துவிட வாய்ப்பிருக்கிறது. படிக்கும்போதே ஒருமுறையாவது மாநாட்டுக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த வழிகாட்டியை அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஏ.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சங்கம் 1959இல் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் அக்டோபர் அல்லது நவம்பர் வாக்கில் ஏதாவது ஒரு பெருநகர ஓட்டலில் மாநாடு கூடும். புதன்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடியும். ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள், நூற்றுக்கும் அதிகமான அமர்வுகள் நடக்கும். சிறிய மாநாடுகளுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த மாநாடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெயரில் மொழிபெயர்ப்பு என்று இருப்பதால் எல்லா மாநாடுகளும் ஒன்றாகிவிடாது. நீங்கள் செய்ய விரும்பும் வேலையைப் பொறுத்துத் தேர்வு மாறும்.

நாவல், கவிதை, சிறுகதைதான் உங்கள் நாட்டம் என்றால், அமெரிக்க இலக்கிய மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் மாநாடு உங்களுக்கு ஏற்றது. ஆல்டா என்று அழைக்கப்படும் இந்தச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. இங்கே பதிப்பாசிரியர்களும் இதழாசிரியர்களும் வருவார்கள். மூலமொழியிலும் ஆங்கிலத்திலுமாக வாசிக்கும் இருமொழி வாசிப்பு அரங்குகள் உண்டு. வளரும் மொழிபெயர்ப்பாளர்கள் சிலருக்கு இந்தச் சங்கம் மாநாட்டுக்கு வரப் பயண நல்கை வழங்குகிறது. கையில் ஒரு தமிழ்க் கதையின் சில பக்கங்கள் செம்மையாக மொழிபெயர்த்துத் தயாராக இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

நீதிமன்றத்தில் பேச்சை மொழிபெயர்க்கும் உரைபெயர்ப்பாளர் ஆக விருப்பமா? அதற்கு நாஜிட் என்ற நீதித்துறை மொழிபெயர்ப்பாளர் சங்கம் இருக்கிறது. மருத்துவமனை வேலைக்கு ஐ.எம்.ஐ.ஏ. என்ற பன்னாட்டு மருத்துவ உரைபெயர்ப்பாளர் சங்கம் இருக்கிறது. சட்டம், மருத்துவம், காப்புரிமை, மென்பொருள், திரைப்பட வசனவரி என எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் பார்க்க வேண்டுமானால் ஏ.டி.ஏ. நல்லது. எந்தத் துறை என்று இன்னும் முடிவு செய்யாத மாணவருக்கு நான் ஏ.டி.ஏ.வைத்தான் சொல்வேன்.

கையில் பணம் குறைவு என்றால் வட்டாரச் சங்கங்களிலிருந்து தொடங்கலாம். வடமேற்கு மாநிலங்களில் நோட்டிஸ் (NOTIS), மத்திய மேற்கில் மாட்டி (MATI), வட கலிஃபோர்னியாவில் என்.சி.டி.ஏ. (NCTA), நியூயார்க்கில் மொழிபெயர்ப்பாளர் வட்டம் என்று பல இருக்கின்றன. இவற்றின் கூட்டங்கள் சிறியவை, கட்டணமும் குறைவு. பஸ்ஸில் போய் அன்றே திரும்பிவிடக்கூடிய தொலைவில் ஒரு கூட்டம் நடந்தால் அது பெரிய வாய்ப்பு. கூச்சம் அதிகமுள்ளவர்களுக்கு முதல் அனுபவமாக இதுவே நல்லது.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படிப்பவர்கள் இந்த ஒரு மாநாட்டுக்காக அமெரிக்க விசாவுக்கு அலைய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். செலவுக்குத் தக்க பலன் மாணவப் பருவத்தில் கிடைக்காது. சென்னையில் 2023 முதல் நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் மொழிபெயர்ப்பு உரிமைகளைக் கைமாற்றும் பதிப்பாளர்கள் கூடுகிறார்கள். இலக்கிய மொழிபெயர்ப்பில் இறங்க நினைப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

பணத்துக்கு வழி

செலவு நான்கு வகை: பதிவுக் கட்டணம், பயணம், அறை, சாப்பாடு. இதில் பதிவுக் கட்டணத்தில்தான் மாணவருக்குச் சலுகை அதிகம். முதலில் மாணவர் உறுப்பினராகச் சேருங்கள், பிறகு மாணவர் கட்டணத்தில் பதிவு செய்யுங்கள். முன்கூட்டியே பதிவு செய்வோருக்குக் கட்டணம் குறைவு என்பதால் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். முழு மாநாட்டுக்கும் போக முடியாதவர்களுக்கு ஒருநாள் பதிவும் உண்டு. ஒருநாள்தான் முடியும் என்றால் வேலைவாய்ப்புச் சந்தை எந்த நாளில் நடக்கிறது என்று பார்த்து அந்த நாளை எடுங்கள்.

ஊர் ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறது. 2022இல் லாஸ் ஏஞ்சலஸ், 2023இல் மியாமி, 2024இல் ஆரிகனிலுள்ள போர்ட்லாந்து, 2025இல் பாஸ்டன். இரண்டாண்டுப் படிப்பில் இரண்டு மாநாடுகள் வரும். அவற்றில் உங்கள் ஊருக்கு அருகில் எது வருகிறதோ அதற்குப் போனால் விமான டிக்கெட் மிச்சம்.

மாநாடு நடக்கும் ஓட்டலில் பங்கேற்பாளர்களுக்குச் சலுகை விலையில் அறைகள் ஒதுக்குவார்கள். சலுகை விலையும் மாணவருக்கு அதிகம்தான். இன்னும் ஓரிருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஐந்து மைல் தள்ளி மலிவான அறை எடுப்பதைவிட, மாநாட்டு ஓட்டலிலேயே மூன்று பேராகத் தங்குவது நல்லது. அமர்வுகள் முடிந்த பிறகு கீழே வரவேற்புக் கூடத்து நாற்காலிகளில் நடக்கும் பேச்சுகளே மாநாட்டின் சிறந்த பகுதியாக அமைவதுண்டு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அது கிடைக்காது.

பல்கலைக்கழகத்திடம் கேட்காமல் விடாதீர்கள். துறையில், பட்டதாரி மாணவர் மன்றத்தில், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் என எங்காவது மாநாட்டுப் பயணத்துக்கென்று ஒரு நிதி இருக்கும். விண்ணப்பத்தில் 'கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று பொதுவாக எழுதாமல், எந்த அமர்வு உங்கள் ஆய்வேட்டின் எந்தப் பகுதிக்கு உதவும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இவை தவிர, மொழிபெயர்ப்புக்கான அமெரிக்க அறக்கட்டளையான ஆஃப்டி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. ஏ.டி.ஏ. தன் பங்குக்கு மாணவர் மொழிபெயர்ப்புப் பரிசு ஒன்றும் வைத்திருக்கிறது. தமிழ்ப் படைப்பை மொழிபெயர்க்கும் மாணவர்கள் இதற்குப் போட்டியிட வேண்டும் என்பது என் ஆசை. பரிசு வராவிட்டாலும் விண்ணப்பத்துக்காகத் தயாரித்த மாதிரிப் பக்கங்கள் பிறகு எங்கும் பயன்படும்.

விசா விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டுமுறை படியுங்கள். மாநாட்டில் கலந்துகொள்ளத் தடை எதுவும் இல்லை. சிக்கல் அங்கே கிடைக்கும் வேலையில்தான்.

வேலைவாய்ப்புச் சந்தையில் ஒரு நிறுவனம், 'உடனே ஒரு சிறு வேலை தருகிறோம், வீட்டிலிருந்தே செய்யலாம்' என்று சொல்லக்கூடும். அனுமதியில்லாமல் அதை ஏற்றுப் பணம் வாங்கினால் உங்கள் மாணவர் தகுதிநிலைக்கே ஆபத்து. லாப நோக்குள்ள நிறுவனத்துக்குக் காசு வாங்காமல் செய்தாலும் சிக்கல் வரலாம். படிக்கும்போது வெளியே வேலை செய்ய சி.பி.டி. என்ற அனுமதி வேண்டும். அந்த வேலை உங்கள் பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு கல்வியாண்டு முடிந்திருக்கவும் வேண்டும். படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற 12 மாத வேலை அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களுக்குள்ள நீட்டிப்பு பெரும்பாலான மொழிபெயர்ப்புப் பட்டங்களுக்கு இல்லை. ஓ.பி.டி. காலத்தில் படித்த துறையிலேயே சுயதொழிலாகவும் செய்யலாம், ஆனால் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் உழைத்ததற்கு ஆவணம் வைத்திருக்க வேண்டும். மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கவும் கூடாது.

எனவே மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய், உங்கள் பட்டத்துக்குச் சி.பி.டி. கிடைக்குமா, எப்போது, எந்தப் படிவத்தில் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அதன்பின் வேலை கொடுப்பவரிடம், 'அடுத்த மே மாதம் முதல் எனக்கு வேலை அனுமதி இருக்கும்' என்று தேதியோடு சொல்ல முடியும். அப்படித் தெளிவாகச் சொல்பவரை நிறுவனங்கள் மதிக்கின்றன. மழுப்புகிறவரிடம் மேலே பேசுவதில்லை.

நிகழ்ச்சி நிரலைப் படிப்பது

மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பே அமர்வுகளின் பட்டியல் வெளிவரும். தமிழ் மாணவர் அதைத் திறந்ததும் முதலில் தேடுவது தமிழைத்தான். கிடைக்காது. ஏ.டி.ஏ.வின் உட்பிரிவுகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், சீனம், அரபு, கொரியம் என்று பல மொழிகளுக்கு இடமிருக்கிறது. தமிழுக்குத் தனிப் பிரிவு இல்லை. ஏ.டி.ஏ. நடத்தும் சான்றிதழ்த் தேர்வும் தமிழில் இல்லை. இதைப் பார்த்து, நமக்கு அங்கே என்ன வேலை என்று மனம் தளர்ந்து பதிவை ரத்து செய்தவர்களை நான் அறிவேன். அது பெரிய இழப்பு.

மொழிப் பிரிவுகளோடு துறைப் பிரிவுகளும் இருக்கின்றன: மருத்துவம், சட்டம், இலக்கியம், அறிவியல் தொழில்நுட்பம், காட்சி ஊடகம், மொழித் தொழில்நுட்பம், உரைபெயர்ப்பாளர்கள். தமிழர்களுக்கான வாசல் இவைதான். மருந்துச் சோதனையில் பங்கேற்பவரிடம் வாங்கும் ஒப்புதல் படிவம் எந்த அமைப்பில் இருக்கும், அதன் மொழிபெயர்ப்பை யார் சரிபார்ப்பார்கள், திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து ஒப்பிடும் முறை எப்படி நடக்கிறது என்பதை ஒரு போர்ச்சுகீசிய மருத்துவ மொழிபெயர்ப்பாளர் விளக்கினால், அது தமிழுக்கும் அப்படியே பொருந்தும். அவருக்கு வேலை தரும் நிறுவனத்துக்கே நாளை தமிழும் தேவைப்படலாம்.

மருத்துவத் துறையை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் ஆங்கிலம் தெரியாத நோயாளிக்குத் தகுதியுள்ள உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் சொல்கின்றன. மகனையோ மகளையோ பார்க்க வந்த இடத்தில் நோயில் விழும் தமிழ்ப் பெற்றோர் எத்தனையோ பேர். அவர்கள் மருத்துவரிடம் பேசும்போது நடுவில் நிற்க ஒரு பயிற்சி பெற்ற தமிழர் வேண்டும். சி.சி.எச்.ஐ. என்ற சான்றளிப்பு ஆணையம் நடத்தும் அடிப்படைத் தேர்வு ஆங்கிலத்திலேயே நடப்பதால் தமிழ் பேசுபவர்களும் எழுதலாம். அதற்கு முன் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இந்தப் பாதையில் போக எண்ணமிருந்தால், மாநாட்டில் மருத்துவ உரைபெயர்ப்பு அமர்வுகள் அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எப்படித் தேர்வு செய்வது என்று பார்ப்போம். ஒவ்வோர் அமர்வுக்கும் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்ற குறிப்பு இருக்கும். மாணவர்கள் தொடக்கநிலை அமர்வுகளிலேயே நாள் முழுக்க உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். தொழில் தொடங்குவது எப்படி என்ற வகையில் ஒன்றிரண்டு கேட்டால் போதும். மிச்ச நேரத்தை உங்கள் துறையின் இடைநிலை அமர்வுகளுக்குக் கொடுங்கள். பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை. என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதாவது அங்கே தெரியும்.

ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் நடக்கும்போது, தலைப்பைவிடப் பேசுபவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நிரலில் ஒவ்வொரு பேச்சாளரைப் பற்றியும் சிறு குறிப்பு இருக்கும். உங்கள் கனவு வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்களில் ஐந்தாறு பேரின் பெயரைக் குறித்துவையுங்கள். மாநாட்டில் அவர்களைச் சந்திப்பதே முதல் வேலை, அமர்வு அதற்கு ஒரு காரணம். ஒரு நாளில் ஒரு வேளையை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். எல்லா மணிக்கும் அமர்வு குறித்துக்கொண்டவர் யாரிடமும் பேச முடியாமல் திரும்புவார்.

புதன்கிழமை நடக்கும் உயர்நிலைப் பயிற்சிகளுக்குத் தனிக் கட்டணம். மாணவருக்கு அது அவசியமில்லை.

கையில் என்ன இருக்க வேண்டும்

ரெஸ்யூமே ஒரே பக்கம். கல்லூரி வேலைக்கு எழுதும் நீண்ட விவரக் குறிப்பை அப்படியே அச்சிட்டுக் கொண்டுவராதீர்கள். மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் ஆள் எடுப்பவர் ஒரு தாளைப் பார்ப்பதை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். பேனா நுனி தாளின் மேற்பகுதியில் நிற்கும். மொழி இணை எது, எந்தத் திசையில், எந்தத் துறை, எந்த மென்பொருள் தெரியும் என்று அங்கேயே தேடும். நான்கும் முதல் ஆறு வரிக்குள் இருந்தால் பேனா ஒரு வட்டம் போடும். இல்லாவிட்டால் கண் மட்டும் கீழே ஓடிவிட்டு, தாள் அடுக்கின் அடியில் போய்விடும். படித்த பள்ளியும் வாங்கிய மதிப்பெண்ணும் கடைசியில் வரட்டும்.

திசையைத் தெளிவாக எழுதுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கா, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கா? தாய்மொழிக்குள் மொழிபெயர்ப்பதையே பெரும்பாலான நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. இரண்டு திசையும் செய்வீர்கள் என்றால் எதில் வலிமை அதிகம் என்று சொல்லுங்கள். இந்தியத் தமிழா, இலங்கைத் தமிழா என்பதையும் குறிப்பிடுங்கள். அரசு ஆவணங்களிலும் குடியேற்ற வழக்குகளிலும் அந்த வேறுபாடு முக்கியமாகும்.

விசிட்டிங் கார்டு அச்சிட்டுக்கொள்ளுங்கள், மாணவராக இருந்தாலும். பெயர், மொழி இணை, துறை, மின்னஞ்சல் போதும். பின்பக்கம் வெள்ளையாக, பேனா பிடிக்கும் தாளில் இருக்கட்டும். வாங்குபவர் அதில் குறிப்பு எழுத வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் அட்டைகளின் பின்புறத்தில், எங்கே சந்தித்தோம், என்ன பேசினோம், என்ன அனுப்புவதாகச் சொன்னோம் என்று அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் முகங்கள் கலந்துவிடும்.

குளிரூட்டிய அரங்குகள் மிகவும் குளிரும். ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்பதால் பழகிய செருப்போ ஷூவோ போதும், புதிது வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பதிவு செய்யும்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.

முதல் மாலை, முதல் பேச்சு

பெயர் அட்டை வாங்கும்போது முதல்முறை வருவோருக்கு அதைச் சொல்லும் ரிப்பன் ஒன்று கொடுப்பார்கள். கூச்சப்பட்டுப் பையில் போட்டுவிடாதீர்கள், ஒட்டிக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துத் தாமாக வந்து பேசுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. முதல்முறை வருபவரோடு அனுபவமுள்ள ஒருவரை இணைத்துவிடும் நிகழ்ச்சியும் தொடக்கத்திலேயே உண்டு. அதில் கட்டாயம் சேருங்கள். உங்களோடு இணைக்கப்படுபவர் வேறு மொழிக்காரராக இருப்பார். அவரோடு ஓர் அமர்வுக்குப் போவதும் ஒரு வேளை சாப்பிடுவதும் வழக்கம். 'நீங்கள் தொடங்கிய முதல் ஆண்டில் வேலை எப்படி வந்தது?' என்று அவரிடம் கேளுங்கள். எந்த அமர்விலும் கிடைக்காத விடை அந்தச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும்.

பேச்சைத் தொடங்குவதுதான் நம் பிள்ளைகளுக்குக் கடினம். பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இரண்டு மூன்று பேர் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தால் அருகில் போய் நிற்பதே மரியாதைக் குறைவாகத் தோன்றும். அங்கே அது இயல்பு. அருகில் போய் நில்லுங்கள், பேச்சு நின்றதும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், மாணவர் என்பதையும் சொல்லுங்கள். மாணவர் என்றதும் போட்டியாளர் என்ற எண்ணம் மறைந்து, கற்றுக்கொடுக்கும் ஆசை வந்துவிடும். வேறு எந்த ஆண்டிலும் உங்களுக்குக் கிடைக்காத சலுகை அது.

கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். 'எனக்கு ஏதாவது அறிவுரை சொல்லுங்கள்' என்றால் பொதுவான நான்கு வார்த்தைதான் வரும். 'மருந்துச் சீட்டுகளை மொழிபெயர்க்கும்போது சரிபார்க்க எந்த அகராதியை முதலில் திறப்பீர்கள்?' என்று கேட்டால் அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டத் தொடங்கிவிடுவார். அமர்வு முடிந்ததும் பேச்சாளரைச் சூழ்ந்து கூட்டம் நிற்கும். காத்திருக்க முடியாவிட்டால் ஒரே வாக்கியத்தில் நன்றி சொல்லி, மின்னஞ்சல் எழுதலாமா என்று கேட்டு, அட்டையைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

பேச்சுக்கு நடுவில் ஆட்களைச் சேர்க்கும் விளையாட்டுபோன்ற நிகழ்ச்சிகளும் உண்டு. சிறு குழுக்களாக உட்காரவைத்து ஒரு தொழில் சிக்கலைக் கொடுப்பார்கள்: வாடிக்கையாளர் பணம் தர இழுத்தடிக்கிறார், கெடுவுக்கு முந்தைய நாள் மூலப் பனுவலையே மாற்றிவிட்டார், இப்படி. சில நிமிடம் பேசிவிட்டு அடுத்த குழுவுக்கு மாற வேண்டும். தானாகப் போய்ப் பேசக் கூச்சப்படுகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. இடம் விரைவில் நிரம்பும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

மதிய உணவு பெரும்பாலும் உங்கள் சொந்தச் செலவு. தனியாக அறைக்குப் போய்ச் சாப்பிடாமல், காலை அமர்வில் பக்கத்தில் உட்கார்ந்தவரையே கூட்டிக்கொண்டு வெளியே போங்கள்.

கூலி பற்றிக் கேட்பது

ஒரு சொல்லுக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்ற கேள்வியோடு வரும் மாணவர்கள், மேடையில் அதற்கு யாருமே விடை சொல்லாததைக் கண்டு திகைப்பார்கள். காரணம் சட்டம். ஒரே தொழில் செய்வோர் கூடி விலை நிர்ணயிப்பது அமெரிக்காவின் வணிகப் போட்டிச் சட்டங்களுக்கு எதிரானது. 1990களின் தொடக்கத்தில் மத்திய வர்த்தக ஆணையம் இதுபற்றி ஏ.டி.ஏ.விடம் விசாரணையே நடத்தியது. அதிலிருந்து சங்க நிகழ்ச்சிகளில் இன்ன விலை வாங்குங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

கணக்கிடும் முறையைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை சொல் முடிக்கிறீர்கள், சரிபார்ப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள், சிறு வேலைக்குக் குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறீர்களா, இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலையைச் சொல் கணக்கில் ஏற்கிறீர்களா, மணிக் கணக்கிலா? இவற்றுக்கெல்லாம் மனம் திறந்து பதில் சொல்வார்கள். தமிழுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ் ஒட்டுநிலை மொழி, அதாவது உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி என்பதால் ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடக் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். மூலத்தில் சொல் எண்ணுவதா, மொழிபெயர்ப்பில் எண்ணுவதா என்பதைப் பொறுத்து உங்கள் வருமானம் கணிசமாக மாறும். ஃபின்னிஷ், துருக்கி, கொரிய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதே சிக்கல் இருக்கிறது. அவர்களைத் தேடிப் பிடித்து எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேளுங்கள். தமிழ் மாணவருக்கு அந்த ஓர் உரையாடல் பதிவுக் கட்டணத்துக்கு ஈடாகும்.

வேலைவாய்ப்புச் சந்தையும் கண்காட்சிக் கூடமும்

மேசைகள் வரிசையாக இருக்கும், மொழிபெயர்ப்பு நிறுவனங்களும் சில அரசு அமைப்புகளும் உட்கார்ந்திருக்கும். அரசு வேலைகளில் பல குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே. எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் அங்கே வரிசையில் நின்று நேரத்தைச் செலவிடாமல் நிறுவனங்களின் பக்கம் போகலாம்.

ஒவ்வொரு மேசையிலும் உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு மாணவியிடம், என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். எதுவானாலும் செய்வேன் என்றார் அவர். மேசைக்குப் பின்னால் இருந்தவர் புன்னகைத்துத் தாளை வாங்கிவைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்து வந்த இளைஞர், 'ஆங்கிலத்திலிருந்து நேபாளிக்கு, பள்ளிக் கல்வி ஆவணங்கள், டிசம்பரிலிருந்து வேலை அனுமதி' என்றார். மேசைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த மாவட்டப் பள்ளிகளுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். இருவருக்கும் திறமை ஒன்றாகவே இருந்திருக்கலாம். உங்கள் மூன்று வரியை வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள்.

'தமிழுக்கு எங்களிடம் வேலை இல்லை' என்று சில மேசைகளில் சொல்வார்கள். 'கடைசியாக எப்போது தமிழ் கேட்டு வந்தார்கள், எந்தத் துறையில்?' என்று திருப்பிக் கேளுங்கள். அந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் சந்தை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

கண்காட்சிக் கூடத்தில் டிராடோஸ், மெமோக்யூ போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருள்களைச் செய்துகாட்டுபவர்களைப் பார்க்கலாம். மாணவர் உரிமம் உண்டா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ஒரு தமிழ்க் கோப்பை எடுத்துச் சென்று, அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா, தேடினால் சொல் அகப்படுகிறதா, வேற்றுமை உருபு ஏறிய சொல்லைக் கலைச்சொல் பட்டியலோடு பொருத்துகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

திரும்பிவந்த முதல் வாரம்

மூன்று நாளுக்குள் மின்னஞ்சல் எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே மடலை அனுப்பாதீர்கள். எங்கே சந்தித்தோம், அவர் சொன்னதில் எது உங்களுக்குப் பயன்பட்டது, நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன இணைப்பு இதோ, என்று நான்கைந்து வரி போதும். வேலை கேட்க வேண்டாம். வேலை தருவதாகச் சொன்ன நிறுவனங்களுக்கு மட்டும் ரெஸ்யூமேயும், வேலை அனுமதித் தேதியும், ஒரு மாதிரி மொழிபெயர்ப்பும் அனுப்புங்கள்.

பயண நிதி கொடுத்த துறைக்கு ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள். உங்களுக்குப் பின் வரும் மாணவருக்கு அந்த நிதி தொடர அது உதவும்.

மாநாட்டில் நீங்கள் சந்தித்த தமிழர்கள், சிங்கள, தெலுங்கு, மலையாள, நேபாள மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோரின் பட்டியலைத் தனியாக எடுத்து ஒரு சிறு குழு அமையுங்கள். மாதம் ஒருமுறை இணையவழியில் கூடி, ஒருவர் வேலையை ஒருவர் படித்துத் திருத்தலாம். தனிப் பிரிவு இல்லாத மொழிக்காரர்களுக்கு இப்படிப்பட்ட குழு பெரிய பலம். ஒருவரால் எடுக்க முடியாத வேலை இன்னொருவருக்குக் கைமாறுவதும் இப்படித்தான் தொடங்குகிறது.

மாநாடு முடிந்த சில மாதங்களிலேயே அடுத்த ஆண்டுக்கான அமர்வு முன்மொழிவுகளைக் கேட்பார்கள். மாணவராயிற்றே என்று ஒதுங்க வேண்டாம். அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து முன்மொழியுங்கள். தமிழ் மருத்துவ உரைபெயர்ப்பில் உறவுமுறைச் சொற்கள் ஏற்படுத்தும் குழப்பம், ஒட்டுநிலை மொழிகளுக்குச் சொல் எண்ணிக் கூலி கொடுப்பதிலுள்ள அநீதி என்று தலைப்புகள் நிறையவே இருக்கின்றன. முன்மொழிவுக்குத் தேவையானவை தலைப்பு, சுருக்கமான விளக்கம், உங்களைப் பற்றிய குறிப்பு. மாநாட்டில் சந்தித்து, பிறகு நீங்கள் மின்னஞ்சல் எழுதிய அந்த ஐந்தாறு பேரில் ஒருவரிடமே, இணைந்து பேச முடியுமா என்று கேளுங்கள்.